மாட்டுத் தீவனத்தில் ஆன்டிபயாடிக்குக்குப் பதில் தாவர எண்ணெய்: எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஓமம், கிராம்பு, பட்டை, பூண்டு, புதினா. உங்கள் சமையலறை அஞ்சறைப் பெட்டியிலும் காய்கறிக் கூடையிலும் இருக்கும் இந்தப் பொருட்களின் எண்ணெய்கள் இப்போது மாட்டுத் தீவன மூட்டைகளுக்குள்ளும் போகின்றன. 'மூலிகைச் சேர்க்கை', 'இயற்கை வளர்ச்சி ஊக்கி', 'ஆன்டிபயாடிக் இல்லாதது' என்ற வாசகங்களைத் தீவனக் கடைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

மாடு வைத்திருப்பவர் என்றால், "இதுக்குக் கூடக் காசு கொடுக்கலாமா?" என்று யோசிப்பீர்கள். பால் வாங்குபவர் என்றால், "இதனால என் பிள்ளை குடிக்கிற பால் சுத்தமாயிடுமா?" என்று கேட்பீர்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: தீவனத்தில் சிறிய அளவில் கலக்கப்படும் ஆன்டிபயாடிக்கின் வேலையில் ஒரு பகுதியைத் தாவர எண்ணெய்களால் செய்ய முடியும். நோய் வந்த மாட்டுக்குப் போடும் ஊசியின் வேலையை அவற்றால் செய்ய முடியாது. இந்தியப் பால் மாடுகளைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் மிக முக்கியம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் எப்படி வந்தது?

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் தற்செயலாகத் தெரியவந்த விஷயம் இது. குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தோடு கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. அதன்பிறகு கோழி, பன்றி, மாடு என்று எல்லாவற்றுக்கும், நோய் இருக்கிறதோ இல்லையோ, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் பரவியது. இப்படிக் கொடுப்பதைத்தான் 'வளர்ச்சி ஊக்கி' என்கிறார்கள்.

மாடுகளில் இந்த வகையில் பெயர் பெற்ற மருந்து மோனென்சின். 1970-களில் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்துக்கு வந்தது. மாட்டின் வயிற்றில் இருக்கும் சில வகை பாக்டீரியாக்களை மட்டும் அடக்கி, தின்ற தீவனத்திலிருந்து கூடுதல் சக்தி கிடைக்கும்படி செய்யும். ஒரு பால் மாட்டுக்கு நாளுக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவு போதும். அதே தீவனத்தைக் குதிரை தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதில் என்ன பிரச்னை?

ஆன்டிபயாடிக்கைக் குறைந்த அளவில், நீண்ட நாள் கொடுத்தால் பலவீனமான கிருமிகள் சாகும்; தாக்குப்பிடிக்கக் கூடியவை பிழைத்துப் பெருகும். அப்படிப் பிழைத்த கிருமிகள் சாணம், தண்ணீர், இறைச்சி, மனிதர்களின் கை வழியாக வெளியே வரும். தங்கள் எதிர்ப்புத் திறனை மற்ற கிருமிகளுக்கும் கைமாற்றிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஐரோப்பாவில் அவோபார்சின் என்ற மருந்தை வளர்ச்சி ஊக்கியாகக் கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் கடைசிக்கட்டத்தில் கைகொடுக்கும் வான்கோமைசினுக்கு அது உறவுக்கார மருந்து. அவோபார்சின் தின்ற கோழிகளிலும் பன்றிகளிலும் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமிகள் இருப்பது தெரியவந்தது. டென்மார்க் 1995-லும், ஐரோப்பிய ஒன்றியம் 1997-லும் அதைத் தடை செய்தன. தடைக்குப் பிறகு டென்மார்க் கோழிகளில் அந்தக் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன.

ஸ்வீடன் அதற்கும் முன்பே, 1986-ல், வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தியிருந்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இவை தடை செய்யப்பட்டன. மோனென்சினும் அதில் அடக்கம். அமெரிக்கா 2017-ல், மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை நிறுத்தியது. மோனென்சின் மனிதர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை என்பதால் அங்கே இன்றும் தொடர்கிறது. அதே 2017-ல் உலக சுகாதார நிறுவனமும், நலமாக இருக்கும் கால்நடைகளுக்கு வளர்ச்சிக்காகவோ முன்தடுப்பாகவோ இத்தகைய மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2022-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தீவனத்தில் மாற்று தேடும் ஆராய்ச்சி சூடுபிடித்ததன் பின்னணி இதுதான்.

இந்தியாவில் நிலைமை என்ன?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கும் அதிகமான மாடுகளும் சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. பால் உற்பத்தியில் உலகில் முதலிடம். 2023-24-ல் சுமார் 23.9 கோடி டன் பால் உற்பத்தியானது.

2010-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 2015-ல் வெளியான சர்வதேச ஆய்வு, கால்நடைகளுக்கு அதிகமாக ஆன்டிபயாடிக் பயன்படுத்தும் நாடுகளில் சீனா, அமெரிக்கா, பிரேசிலுக்கு அடுத்து இந்தியாவை வைத்தது. அந்தக் கணக்கில் மாடு மட்டும் இல்லை, கோழியும் பன்றியும் சேர்ந்தே இருக்கின்றன.

அரசும் சில கதவுகளை மூடியிருக்கிறது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை தடை விதித்தது. பாலில் எந்த மருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்பை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வகுத்துள்ளது.

அப்போ நாம் குடிக்கும் பாலில் எவ்வளவு இருக்கிறது? 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எஃப்எஸ்எஸ்ஏஐ சோதிக்க வைத்தது. அவற்றில் 77 மாதிரிகளில், அதாவது சுமார் 1.2 சதவீதத்தில், ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. சதவீதம் சிறியதுதான். ஆனால் தினமும் பல கோடி லிட்டர் கறக்கும் நாட்டில் நூற்றுக்கு ஒன்று என்பது சின்ன அளவு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீவனத்தில் வளர்ச்சி ஊக்கி என்ற சிக்கல் இந்தியாவில் பெரும்பாலும் கோழிப் பண்ணைகளோடு சேர்த்துப் பேசப்படுவது. இரண்டு, மூன்று மாடு வைத்து, வைக்கோலும் பசும்புல்லும் தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்ப்பவர்களின் தொழுவத்துக்கு ஆன்டிபயாடிக் வருவது தீவன மூட்டை வழியாக அல்ல, பெரும்பாலும் ஊசியாகவும் மடிக்காம்புக்குள் செலுத்தும் மருந்தாகவும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு எண்ணெய்க்கு வருவோம்.

எந்த எண்ணெயைச் சொல்கிறோம்?

'தாவர எண்ணெய்' என்றதும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஞாபகம் வரும். ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படுவது இவை அல்ல. அங்கே எண்ணெய் என்றால் நறுமண எண்ணெய். செடியின் இலை, பூ, விதை, பட்டையை நீராவியில் வடித்து எடுப்பது. கையில் ஒரு சொட்டு விட்டால் பிசுபிசுப்பு நிற்காமல் ஆவியாகிவிடும். வாசனை மட்டும் நிற்கும்.

ஓம எண்ணெயில் முக்கியப் பொருள் தைமால். கிராம்பில் யூஜினால். பட்டையில் சின்னமால்டிஹைடு. ஐரோப்பியச் சமையலில் வரும் ஓரிகானோ இலையில் கார்வக்ரால். பூண்டின் காரமான வாசனைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். செடிகள் இவற்றைத் தயாரிப்பது நமக்காக இல்லை, பூச்சி, பூஞ்சை, பாக்டீரியாவிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

சமையல் எண்ணெய்க்கும் ஓர் இடம் உண்டு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது மாட்டின் வயிற்றில் இருக்கும் சில நுண்ணுயிர்களை அடக்கி மீத்தேனைக் குறைக்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்தே அடங்கிவிடும். மாடு தின்னும் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு ஆறு, ஏழு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை உணவியலில் பொதுவான விதி. நாளுக்கு 12 கிலோ உலர் எடை தின்னும் மாட்டுக்கு அது சுமார் 700 கிராம். அதில் பாதி தீவனத்திலேயே இருந்துவிடும். ஆகவே மேலே ஊற்ற மிஞ்சுவது 300 கிராம் சொச்சம்தான். "சத்துக்கு நல்லது" என்று அரை லிட்டர், ஒரு லிட்டர் ஊற்றினால் பால் கூடுவதற்குப் பதில் மாடு தீவனத்தைக் குறைக்கும்.

மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறையான பெருவயிறு, கலப்பின மாட்டில் நூறு லிட்டர்வரைகூட கொள்ளும் ஒரு நொதிக்கலன். ஆங்கிலப் பெயரை வைத்து இதை ரூமன் என்றும் சொல்வார்கள். வைக்கோலைச் செரிக்கும் சக்தி மாட்டுக்கு இல்லை. அதை உடைப்பவை இந்தக் கலனில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை வெளியிடும் அமிலங்கள்தான் மாட்டின் சாப்பாடு.

இந்த நொதித்தலில் இரண்டு இடங்களில் நஷ்டம் உண்டு. ஒன்று மீத்தேன். தின்ற தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாக மாறி ஏப்பத்தில் போய்விடும். இரண்டாவது அம்மோனியா. காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் புரதத்தைச் சில பாக்டீரியாக்கள் அவசர அவசரமாக உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். நுண்ணுயிர்கள் பயன்படுத்தியது போக மிஞ்சியது யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகும்.

மோனென்சின் செய்வது இந்த இரண்டு ஓட்டைகளையும் கொஞ்சம் அடைப்பதுதான். வயிற்றில் புரோப்பியோனிக் அமிலம் கூடும். அதிலிருந்து மாட்டின் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும். அந்தக் குளுக்கோஸ்தான் பாலின் சர்க்கரையாக மாறுகிறது.

எண்ணெய் அதே வேலையை எப்படிச் செய்கிறது?

தைமால், கார்வக்ரால், யூஜினால் போன்றவை கொழுப்பில் கரையும். பாக்டீரியாவின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. எண்ணெயின் மூலக்கூறுகள் அந்த உறைக்குள் நுழைந்து அதைத் தளரச் செய்கின்றன. ஓட்டை விழுந்த பானை மாதிரி, உள்ளே இருக்கும் உப்பு அயனிகள் கசியும். அதைச் சமாளிப்பதிலேயே பாக்டீரியாவின் சக்தி செலவாகிவிடும், வளர்ச்சி நின்றுபோகும்.

எல்லா பாக்டீரியாவுக்கும் இது ஒரே அளவில் உறைப்பதில்லை. பொதுவாக கிராம்-பாசிட்டிவ் வகைக்கு அதிகம், கூடுதலாக ஒரு வெளியுறை உள்ள கிராம்-நெகட்டிவ் வகைக்குக் குறைவு. புரதத்தை அவசரமாக உடைத்து அம்மோனியா ஆக்கும் சில பாக்டீரியாக்கள் இந்த எண்ணெய்களுக்கு எளிதில் அடங்குவது ஆய்வகங்களில் தெரியவந்திருக்கிறது. எண்ணெய்க்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஆய்வகத்தில் முடிவு பிரமாதமாக இருக்கும். தொழுவத்துக்கு வந்தால் சுருதி இறங்கிவிடும். இந்த ஆராய்ச்சியின் கதையை இப்படித்தான் சுருக்க முடியும்.

உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், எருமையின் பெருவயிற்றுத் திரவத்தைக் குடுவையில் எடுத்து அதில் புதினா எண்ணெய் கலந்து பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. எண்ணெயைக் கூட்டக் கூட்ட மீத்தேன் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தீவனம் செரிப்பதும் சேர்ந்தே குறைந்தது. மீத்தேனைக் குறைத்துவிட்டு மாட்டைப் பட்டினி போட்டால் யாருக்கு லாபம்?

வெளிநாடுகளில் மாடுகளுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கொத்தமல்லி விதை எண்ணெய், யூஜினால், ஜெரானில் அசிட்டேட் சேர்ந்த அகோலின் என்ற கலவை அதிகம் சோதிக்கப்பட்ட ஒன்று. அளவு, மாட்டுக்கு நாளுக்கு ஒரு கிராம். பல சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பால் சுமார் 3 முதல் 4 சதவீதம் கூடியதாகவும், நான்கு வாரங்களுக்குப் பிறகு மீத்தேன் சுமார் 9 சதவீதம் குறைந்ததாகவும் தெரிந்தது. பத்து லிட்டர் கறக்கும் மாட்டில் இதைக் கணக்குப் போட்டால் முந்நூறு, நானூறு மில்லி. நல்லதுதான், அதிசயம் இல்லை. இந்தச் சோதனைகள் நன்றாகத் தீவனம் கிடைக்கும் ஐரோப்பிய வகை மாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. அடர்தீவனமே சரியாகக் கிடைக்காத மாட்டில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வேறு பல சோதனைகளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பழக்கம். வயிற்று நுண்ணுயிர்கள் சில வாரங்களில் எண்ணெய்க்குப் பழகிக்கொள்ளும். சில அந்த எண்ணெயையே உடைத்துத் தின்னவும் தொடங்கிவிடும். முதல் வாரத்தில் தெரிந்த பலன் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகலாம்.

இரண்டாவது, தரம். மோனென்சின் ஒரே ஒரு மூலக்கூறு. எங்கே வாங்கினாலும் அது அதுதான். ஓம எண்ணெய் அப்படி இல்லை. விதை, மண், அறுவடைக் காலம், வடித்த முறை ஆகியவற்றைப் பொறுத்து தைமாலின் அளவு ஏறக்குறைய 35 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை மாறும்.

மூன்றாவது, சூடு. குச்சித் தீவனத்தை ஆலையில் நீராவி கொடுத்துச் சூடாக்கித்தான் அழுத்துகிறார்கள். ஆவியாகும் எண்ணெயை அப்படியே கலந்தால் வாசனை ஆலையிலேயே போய்விடும். அதனால் கொழுப்பு அல்லது மாவுப்பொருள் உறைக்குள் எண்ணெயை அடைத்துத் தருகிறார்கள். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை உணவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனம், துவர்ப்புச் சத்து மிகுந்த தாவரப் பொருட்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு.

வீட்டில் இருக்கும் ஓமத்தைப் போட்டால் போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓமத்தில் நறுமண எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு. ஐம்பது கிராம் ஓமம் போட்டால் 1 முதல் 2 கிராம் எண்ணெய். அதில் பாதி தைமால் என்று வைத்தால், ஒரு கிராமுக்குள். அது 80 லிட்டர் கொண்ட பெருவயிற்றில் கலந்தால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் சொச்சம். ஆய்வகக் குடுவைகளில் பெரிய மாற்றம் காட்டிய அளவுகளோ பெரும்பாலும் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்.

ஆகவே எப்போதாவது ஒரு கைப்பிடி ஓமம் போடுவதால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. பசி எடுக்கவும் வயிற்று உப்புசம் தணியவும் கொடுப்பது நாட்டு வழக்கம். அதை ஆன்டிபயாடிக்குக்கு மாற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

"அப்படின்னா கடையில நறுமண எண்ணெய் பாட்டில் வாங்கி ஊத்தினா?" அதைச் செய்யவே செய்யாதீர்கள். செறிவான கிராம்பு எண்ணெயோ பட்டை எண்ணெயோ வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். அளவு கூடினால் வாசனை பிடிக்காமல் மாடு தீவனத்தையே ஒதுக்கும். பூண்டு மிகுந்தால் வாடை பாலிலும் ஏறும். எந்த எண்ணெயாக இருந்தாலும், தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயிலோ புட்டியிலோ ஊற்றும்போது அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். அப்படி மாட்டை இழந்துவிடும் ஆபத்தும் உண்டு.

மடிநோய்க்கு இது உதவுமா?

பால் மாடுகளில் ஆன்டிபயாடிக் அதிகம் செலவாகும் நோய் மடிநோய். மடி வீங்கி, பால் திரிதிரியாக வரும். கிருமி நுழைவது காம்பின் துளை வழியாக. கறப்பவர் கை, ஈரமான தரை, சாணம் ஒட்டிய மடி, சரியாகக் கழுவாத கறவை இயந்திரம் ஆகியவைதான் கிருமியின் பாதை.

தீவனத்தில் போட்ட ஒரு கிராம் எண்ணெய் பெருவயிற்று நுண்ணுயிர்களிடம் மாட்டிக்கொண்டு, மீதி ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உடைந்து, அதற்குப் பிறகு மடிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே கிருமியை ஒழிக்கும் அளவுக்கு மிஞ்சாது. தீவனச் சேர்க்கையை நம்பி, காய்ச்சலோடு மடி வீங்கிய மாட்டுக்கு மருத்துவரைக் கூப்பிடாமல் இருந்தால் காம்பு நிரந்தரமாகப் போகும். சில வகை மடிநோயில் மாடே போகும்.

மடிநோய்க்கு வேறு விதமான தாவர வழி ஒன்று இந்தியாவில் பரவலாகியிருக்கிறது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடியின் மேல் ஒரு நாளைக்குப் பலமுறை பூசும் முறை அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் மரபுசார் மூலிகை மருத்துவம் குறித்து நடந்த பணி இதற்கு அடித்தளம். குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசிய பால்வள வாரியம் பால் கூட்டுறவுகள் மூலம் இதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. நோயின் ஆரம்பத்திலேயே, அனுபவம் உள்ளவரின் மேற்பார்வையில் செய்வது இது. மேலே பூசுவது, தீவனத்தில் கலப்பது அல்ல. இரண்டையும் 'மூலிகை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது.

அப்போ எண்ணெய்க்கு உண்மையான இடம் எது?

ஒன்று, வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக்கோ மோனென்சினோ கலக்கப்படும் தீவனத்தில் அதற்கு மாற்றாக. ஏற்றுமதிக்குப் பால் பொருளோ இறைச்சியோ தயாரிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐரோப்பா போன்ற சந்தைகள் அதைக் கேட்கும்.

இரண்டு, அடர்தீவனம் அதிகம் தின்று அதிகம் கறக்கும் மாடுகளில். புரத நஷ்டம் குறைந்தால் அங்கேதான் காசு மிச்சம்.

மூன்று, கன்றுகள். பெருவயிறு வளராத கன்றின் குடலில் கிருமி புகுந்து கழிச்சல் வருவது சாதாரணம். கன்றுத் தீவனத்தில் நறுமண எண்ணெய் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. முடிவுகள் கலவையாக இருந்தாலும் நம்பிக்கை தருபவையும் உண்டு. ஆனால் பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்றை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. இன்னொன்று, ஊசி போட்ட மாட்டின் பாலை வீணாக்க மனமில்லாமல் கன்றுக்கு ஊட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குறைந்த அளவில் தினமும் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

மூலப்பொருளுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி பகுதி புதினா எண்ணெய்க்குப் பெயர் போனது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஓமம் விளைகிறது. நம் மாடு, நம் எருமை, நம் வைக்கோல், நம் பிண்ணாக்கு ஆகியவற்றோடு நீண்ட நாள் சோதித்த கலவைகள்தான் இன்னும் கூடுதலாகத் தேவை.

நீங்கள் மாடு வைத்திருந்தால், வாங்கும் முன் கேளுங்கள்

• மூட்டையில் எந்த எண்ணெய், எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? 'சிறப்பு மூலிகைக் கலவை' என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

• கலப்புத் தீவனம் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2052 தரக்குறியீடு இருக்கிறதா?

• மாட்டில் சோதித்தார்களா, குடுவையில் மட்டும் சோதித்தார்களா? எத்தனை வாரம்?

• குறைந்தது ஆறு வாரம் பாலின் அளவு, கொழுப்பு, தீவனச் செலவு மூன்றையும் எழுதி வைத்துப் பாருங்கள். முதல் வாரக் கூடுதலை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

• பசுந்தீவனம், தாது உப்புக் கலவை, போதுமான தண்ணீர் இந்த மூன்றும் சரியாக இல்லாத தொழுவத்தில் எண்ணெய்க்குக் காசு போடுவது கடைசி வேலை.

ஊசி போட நேர்ந்தால், மருத்துவர் சொன்ன நாள்வரை முழுமையாகப் போடுங்கள். மருந்து உடலை விட்டுப் போகும்வரை பாலை ஊற்றாதீர்கள். எத்தனை நாள் என்பது மருந்து லேபிளில் இருக்கும். இருக்க வேண்டும் என்று 2012-ல் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. லேபிளில் குறிப்பிடாத மருந்துக்குப் பால் என்றால் குறைந்தது 7 நாள், இறைச்சி என்றால் 28 நாள் என்பது அந்த விதி. ஒரு மாட்டின் ஏழு நாள் பாலை இழப்பது சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய அடி என்பது தெரியும். மடிநோய் வராமல் தடுப்பதுதான் மலிவு என்று சொல்வது அதனால்தான்: காய்ந்த தொழுவம், கறக்கும் முன் கை கழுவுதல், கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்தல், நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறத்தல்.

நீங்கள் பால் வாங்குபவராக இருந்தால்

பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஆன்டிபயாடிக் எச்சம் போய்விடும் என்று நம்ப முடியாது; பல மருந்துகள் அந்தச் சூட்டைத் தாங்கும். எச்சம் அதிகம் உள்ள பாலில் தயிர் உறையாது, ஏனென்றால் தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதான். ஆனால் தயிர் உறையாததற்குக் குளிர், பழைய உறைமோர் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்துப் பால்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. பால் வாங்கும் மையங்களிலேயே எச்சத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. "உங்கள் கூட்டுறவில், உங்கள் பண்ணையில் அதைச் சோதிக்கிறீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

'தாவர எண்ணெய்த் தீவனம் தின்ற மாட்டின் பால்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மாட்டுக்கு உடம்பு சரியில்லாதபோது என்ன மருந்து போட்டீங்க, அதுக்கப்புறம் எத்தனை நாள் கழிச்சுப் பால் ஊத்துனீங்க?" பால் சுத்தமா என்பதற்கான பதில் தீவன மூட்டையைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் அதிகம் இருக்கிறது.